ஸ்கிராபிளில் கியூ வந்து மாட்டிக்கொண்டால்: புதியவர்களுக்கான சொல் பயிற்சி

ஸ்கிராபிள் என்பது ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஆட்டம், ஒவ்வொரு எழுத்துக்கும் புள்ளி உண்டு. அதை ஆடத் தொடங்கும் பலரும் நீளமான சொற்களைத் தேடியே நேரத்தைத் தொலைக்கிறார்கள். ஆட்டத்தைத் திருப்புவது பெரும்பாலும் இரண்டெழுத்து, நாலெழுத்துச் சொற்கள்தான். அவற்றில் பலவற்றைப் பள்ளிப் பாடத்தில் பார்த்திருக்கவே மாட்டோம். பொருள் தெரியாமலும் ஆடலாம், விதி தடுக்காது. நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே 2015இல் பிரெஞ்சு ஸ்கிராபிள் உலகப் போட்டியை வென்றார். ஆனால் அது எல்லோருக்கும் வாய்க்காது. நமக்குப் பொருளும் சேர்ந்தால்தான் சொல் மனதில் நிற்கும்.

ஒரு குறிப்பு: எழுத்துக் குழப்பம் வரும் இடங்களில் 'டேபிள் டி', 'டாக் டி', 'பஸ் பி' என்று எழுதியிருக்கிறோம்.

படி 1: எந்தப் பட்டியல் என்று முடிவு செய்யுங்கள்

எந்தச் சொற்கள் செல்லும் என்பதைச் சொற்பட்டியல்தான் முடிவு செய்யும். இந்தியா, இலங்கை, பிரிட்டன் போட்டிகளில் காலின்ஸ் பட்டியல். அமெரிக்கா, கனடாவில் பெரும்பாலும் வேறு பட்டியல், அதில் சொற்கள் குறைவு. செயலியில் ஆடினால் அமைப்புகளில் எது தேர்வாகியிருக்கிறது என்று முதலிலேயே பாருங்கள். வீட்டில் பாதி ஆட்டத்தில் சண்டை வருவது இதனால்தான்.

படி 2: ஐந்து ஈரெழுத்துச் சொற்கள்

இவை இரண்டு பட்டியலிலும் செல்லும்.

கியூ-ஐ: சீன மரபில் உயிராற்றல். 11 புள்ளி.
இசட்-ஏ: பீட்சாவின் பேச்சுவழக்குச் சுருக்கம். 11.
எக்ஸ்-ஐ: கிரேக்க நெடுங்கணக்கின் 14ஆம் எழுத்து. 9.
ஜே-ஓ: ஸ்காட்லாந்து வழக்கில் காதலி அல்லது காதலன். 9.
கே-ஏ: பண்டைய எகிப்தியர் நம்பிய ஆவி. 6.

ஐ-கியூ என்று திருப்பி வைக்காதீர்கள், செல்லாது. டிவியும் செல்லாது. ஆனால் ஓ-கே இப்போது செல்லும். வி எழுத்துக்கு ஈரெழுத்துச் சொல்லே கிடையாது. அதனால் எதிராளியின் வழியை அடைக்க வி நல்ல ஆயுதம்.

படி 3: ஒரே கியூவை இரண்டு முறை எண்ணுங்கள்

பலகையில் 'டாக்ஸி' என்ற சொல் கிடையாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் கடைசி ஐ-க்கு நேர் மேலே கியூவை வையுங்கள். கியூவுக்கு வலப்பக்கம் உங்கள் கையிலுள்ள ஐ. இப்போது குறுக்கே ஒரு கியூ-ஐ, கீழ்நோக்கி இன்னொரு கியூ-ஐ. சாதாரணக் கட்டத்திலேயே 22 புள்ளி. கியூ விழும் கட்டம் எழுத்தின் புள்ளியை மூன்று மடங்காக்கும் கட்டமாக இருந்தால் 31 + 31 = 62. ஏழு எழுத்தையும் இறக்கினால் கிடைக்கும் 50 போனஸைவிட அதிகம்! கியூவுக்கு இடப்பக்கமும் மேலேயும், புதிய ஐ-க்கு வலப்பக்கமும் மேலேயும், டாக்ஸியின் ஐ-க்குக் கீழேயும் காலியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

படி 4: பின்னால் யு வராத கியூ

பையில் உள்ள 100 கட்டைகளில் கியூ ஒன்று, யு நான்கு. யு வரும் என்று காத்திருந்து, கியூ கையிலேயே தங்கிவிட்டால் உங்களுக்கு 10 போகும், ஆட்டத்தை முடித்தவருக்கு 10 சேரும். ஆக 20 புள்ளி வித்தியாசம்.

யு இல்லாமலே கியூவை இறக்க உதவும் சொற்கள் உண்டு, அதில் தமிழருக்கு ஒரு வசதியும் உண்டு. அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன இந்தச் சொற்களை நாம் நாளிதழிலேயே படித்திருக்கிறோம். எழுத்துக் கோவையை மட்டும் பழகினால் போதும்.

வக்ஃப்: டபிள்யு-ஏ-கியூ-எஃப், 19.
ஃபக்கீர்: எஃப்-ஏ-கியூ-ஐ-ஆர், 17.
நிகாப்: என்-ஐ-கியூ-ஏ-பஸ் பி, 16.
தலாக்: டேபிள் டி-ஏ-எல்-ஏ-கியூ, 14.
காஜி: கியூ-ஏ-டாக் டி-ஐ, 14.

படி 5: கை சமநிலை குலைந்தால்

உயிரெழுத்தாகவே குவிந்துவிட்டால் ஏ-ஐ (மூன்று விரல் அசமந்தி விலங்கு, அதாவது ஸ்லாத்), ஏ-ஏ (ஹவாயின் கரடுமுரடான எரிமலைக் குழம்புப் பாறை), ஓ-இ (ஃபாரோ தீவுகளின் சுழல்காற்று) கைகொடுக்கும். உயிரே இல்லாவிட்டால் சி-டபிள்யு-எம். வேல்ஸ் மொழியிலிருந்து வந்தது, மலைச்சரிவில் கிண்ணம்போல் குடைந்த பள்ளத்தைக் குறிப்பது. ஹெச்-எம்-எம், எஸ்-ஹெச்-ஹெச் போன்ற ஒலிக்குறிப்புகளும் செல்லும்.

படி 6: நம் வீட்டுச் சொற்கள்

சுருட்டும் வெட்டிவேரும் ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொற்கள். சி-ஹெச்-இ-ஆர்-ஓ-ஓ-டேபிள் டி: 12 + 50. வி-இ-டேபிள் டி-ஐ-வி-இ-ஆர்: 13 + 50. பையில் இருப்பதே இரண்டு வி என்பதால் இரண்டாவது அரிதாகவே அமையும். முதலாவதை அவசியம் மனப்பாடம் செய்யுங்கள்.

படி 7: அட்டைப் பயிற்சி

அட்டையின் முன்புறம் எழுத்துகளை அகரவரிசையில் கலைத்து எழுதுங்கள். ஃபக்கீருக்கு ஏ-எஃப்-ஐ-கியூ-ஆர். பின்புறம் சொல்லும் பொருளும். பட்டியலை மேலிருந்து கீழாக ஒப்பிப்பவர்களுக்குக் கட்டைகள் கலைந்து வரும்போது சொல் கண்ணில் படாது. இப்படிப் பழகினால் படும். நாளுக்கு ஐந்து அட்டை போதும். தப்பானதை மட்டும் மறுநாள் அட்டைகளோடு மீண்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எதிராளி வைத்த சொல்லைச் சந்தேகித்துச் சவால் விடும் முன் அந்தப் போட்டியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில போட்டிகளில் தவறான சவாலுக்கு 5 புள்ளி போகும், சிலவற்றில் உங்கள் முறையே போய்விடும்.