டெல்லியை ஒரே நாளில், தனி வழிகாட்டியுடன் சுற்றிப் பார்ப்பது எப்படி?

சென்ற பிப்ரவரியில் அப்பாவையும் அம்மாவையும் டெல்லிக்கு அழைத்துப் போயிருந்தேன். உறவினர் வீட்டுக் கல்யாணம் முடிந்தபின் கையில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாள். அம்மாவுக்கு முழங்கால் வலி. அப்பாவுக்கு வரலாறு என்றால் சாப்பாடு கூட வேண்டாம். டூர் பஸ்ஸில் போனால் ஒரே நாளில் நிறைய இடம் காட்டிவிடுவார்கள். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் "அரை மணி நேரத்தில் வண்டிக்கு வந்துவிடுங்கள்" என்பார்கள். அம்மா படியேறி இறங்குவதற்கே அந்த அரை மணி சரியாகப் போய்விடும். அதனால் எங்களுக்கென்று ஒரு கார், ஒரு வழிகாட்டி என்று ஏற்பாடு செய்தேன்.

அந்த நாள் மனசு நிறைய அமைந்தது. அப்படி அமைய நான் என்னென்ன செய்தேன் என்பதை வரிசையாக எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்கள் இதை அப்படியே பின்பற்றலாம்.

1. முதலில் கிழமையைப் பாருங்கள்

திங்கட்கிழமை வேண்டாம். செங்கோட்டை, தாமரைக் கோயில், அக்ஷர்தாம், தேசிய அருங்காட்சியகம் எல்லாமே அன்று விடுமுறை. வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் ஜாமா மசூதிக்குள் சுற்றிப் பார்க்க வருபவர்களை விட மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக் கடைகளில் பெரும்பாலானவை மூடியிருக்கும். ஆக, செவ்வாய் முதல் வியாழன் வரை வசதி.

மாதம் என்றால் பிப்ரவரி, மார்ச் நல்லது. நவம்பரில் காற்று மாசு தொண்டையைப் பிடிக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் காலைப் பனிமூட்டத்தில் எதிரே நிற்கும் கட்டடமே தெரியாது. ஆகஸ்ட் 15-க்கு முந்தைய நாட்களில் செங்கோட்டையை மூடிவிடுவார்கள். குடியரசு தினத்தை ஒட்டி இந்தியா கேட் பக்கம் போக்குவரத்துக் கட்டுப்பாடு இருக்கும்.

2. இடங்களைக் குறையுங்கள், கதையைச் சேருங்கள்

எல்லோரும் தடுக்கி விழுவது இங்கேதான். பட்டியல் போட உட்கார்ந்தால் பத்து இடம் வந்துவிடும். நான் அக்ஷர்தாமை முதலிலேயே அடித்துவிட்டேன். அழகான இடம்தான், ஆனால் அதற்கு மட்டும் அரை நாள் வேண்டும். செல்பேசியை வெளியே ஒப்படைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். தாமரைக் கோயிலையும் விட்டோம்.

மிச்சம் வைத்துக்கொண்டது ஒன்றோடொன்று தொடர்புள்ள இடங்களை. செங்கோட்டையை ஷாஜகான் கட்டி முடித்தது 1648-இல். அங்கே கடைசியாக இருந்த முகலாயர் பகதூர் ஷா ஜாபர், 1857-இல் ஆங்கிலேயரிடம் பிடிபட்டது ஹுமாயூன் கல்லறையில். பிறகு அவரை விசாரித்தது அதே செங்கோட்டையில். இந்த இரண்டு இடங்களையும் ஒரே நாளில் ஒரே ஆள் சொல்லிக் கேட்டால் அது ஒரே கதை. இல்லாவிட்டால் இரண்டு சிவப்புக் கட்டடம், அவ்வளவுதான். தனி வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதே இந்தத் தையலுக்காகத்தான் என்பது என் எண்ணம்.

3. வழிகாட்டி வேறு, டிரைவர் வேறு

"டிரைவரே எல்லாம் சொல்லுவார்" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். டிரைவர் வண்டியை பார்க்கிங்கில் போட்டுவிட்டு அங்கேயே இருக்க வேண்டியவர். உள்ளே நடக்கப் போவது நீங்கள் மட்டும்தான். வாசலில் வந்து மொய்க்கிறவர்களில் ஒருவரை அங்கே போய்ப் பிடித்தால் அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

மத்திய சுற்றுலா அமைச்சகம் வழிகாட்டிகளுக்கு உரிமமும் அடையாள அட்டையும் தருகிறது. பேசும்போதே அட்டையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். உரிமம் உள்ளவர் தயங்க மாட்டார். தமிழ் தெரிந்த வழிகாட்டி அபூர்வம். ஆங்கிலம் அல்லது இந்தி என்றால் தாராளமாகக் கிடைப்பார்கள். அப்பாவுக்கு ஆங்கிலம் ஓரளவு புரியும். அம்மாவுக்கு நான் சொன்னேன்.

இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். அதைவிட முக்கியம், ஐந்து நிமிடம் போனில் பேசுங்கள். "அம்மாவால் அதிகம் படியேற முடியாது, எப்படித் திட்டமிடலாம்?" என்று கேட்டேன். ஒருவர் "பிரச்சினை இல்லை, பிரச்சினை இல்லை" என்றார். இன்னொருவர் "ஜாமா மசூதியில் 30-க்கும் மேல் படி இருக்கிறது. காலையில், கால் களைக்காதபோதே ஏறிவிடலாம். ஹுமாயூன் கல்லறையில் படி உயரம் அதிகம், அம்மா கீழே தோட்டத்தில் உட்காரலாம்" என்றார். இரண்டாமவரையே அமர்த்தினேன்.

4. எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள்

சில வருடங்களுக்கு முன் நண்பர்களோடு டெல்லி போனபோது இதைச் செய்யாமல் பட்டுக்கொண்டேன். எங்களைக் கூட்டிப் போனவர் "பத்து நிமிடம்தான்" என்று ஒரு கம்பளக் கடையில் நிறுத்தினார். டீ கொடுத்து, கம்பளம் விரித்து, ஒன்றரை மணி நேரம் போனது. அடுத்தது நகைக்கடை. அன்று குதுப்மினாருக்குப் போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. இப்படிக் கூட்டிப் போவதற்குக் கடைக்காரர்கள் கமிஷன் கொடுக்கிறார்கள்.

இந்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்கிக்கொண்டேன். அதன் சாரம் இதுதான்:

"மூன்று பேர். காலை 6.45-க்கு ஓட்டலில் இருந்து கிளம்பி, இரவு 7.30-க்குத் திரும்ப வேண்டும். ஜாமா மசூதி, சாந்தினி சௌக், செங்கோட்டை, இந்தியா கேட், ஹுமாயூன் கல்லறை, குதுப்மினார், மலை மந்திர் முருகன் கோயில். கடைகளுக்குப் போக வேண்டாம். வழிகாட்டிக் கட்டணம் இவ்வளவு. நுழைவுச்சீட்டு, பார்க்கிங், சாப்பாடு எங்கள் செலவு."

காருக்குத் தனியாகப் பேசுங்கள். '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' என்பதுதான் வழக்கமான கணக்கு. இந்தத் திட்டத்துக்கு 8 மணி நேரம் போதாது. கூடுதல் மணி நேரத்துக்கு எவ்வளவு, கூடுதல் கிலோமீட்டருக்கு எவ்வளவு, டிரைவர் பேட்டா சேர்ந்ததா என்று மூன்றையும் முன்பே கேட்டுவிட்டால் இரவில் வாக்குவாதம் வராது.

5. முந்தைய இரவு

அசல் அடையாள அட்டை, இரண்டு ஜோடி சாக்ஸ், தலையை மூட ஒரு துப்பட்டா அல்லது கைக்குட்டை, தண்ணீர். சில்லறை நோட்டு நிறைய. குதுப்மினாருக்கும் ஹுமாயூன் கல்லறைக்கும் தொல்லியல் துறையின் இணையதளத்திலேயே சீட்டு வாங்கிவிடலாம். இந்தியர்களுக்குக் கவுன்டரில் 40 ரூபாய், இணையத்தில் 35; வெளிநாட்டவருக்கு 600, இணையத்தில் 550. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சீட்டு வேண்டாம். இலங்கையில் இருந்து வருகிறவர்கள் கவனிக்க: சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டுக் குடிமக்களுக்கும் இந்தியக் கட்டணமேதான். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள்.

6. அந்த நாள், நேர வாரியாக

காலை 7 மணி, ஜாமா மசூதி. செருப்பைக் கழற்ற வேண்டும். காலையில் கல் சில்லென்று இருக்கும், மதியம் சுடும். சாக்ஸ் கொண்டு வரச் சொன்னது இதற்குத்தான். செல்பேசியில் படம் எடுப்பதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். முற்றத்தில் 25,000 பேர் தொழலாம் என்றார் வழிகாட்டி. நாங்கள் போனபோது இருந்தது நாங்களும் புறாக்களும்தான்.

7.45, சாந்தினி சௌக். பிரதான தெருவில் காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. காரை அனுப்பிவிட்டு சைக்கிள் ரிக்‌ஷா பிடியுங்கள். வழிகாட்டியையே விலை பேசச் சொல்லுங்கள், எங்கே தொடங்கி எங்கே முடியும் என்பதோடு.

இந்தச் சந்தையை அமைத்தவர் ஷாஜகானின் மகள் ஜஹானாரா. நடுவே ஓடிய கால்வாயிலும் குளத்திலும் நிலா விழுந்ததால் 'நிலாச் சதுக்கம்'. இன்று கால்வாய் இல்லை. ஆனால் ஒரே தெருவில் சமணர் கோயில், சிவன் கோயில், சீக்கிய குருத்வாரா, மசூதி எல்லாம் வரிசையாக நிற்கின்றன. 1675-இல் குரு தேக் பகதூர் உயிர் கொடுத்த இடத்தில்தான் சீஸ் கஞ்ச் குருத்வாரா இருக்கிறது. தலையை மூடிக்கொண்டு உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கீர்த்தனை ஓடிக்கொண்டே இருக்கும்.

குளிர்காலத்தில் போனால் 'தௌலத் கி சாட்' விடாதீர்கள். பாலைக் கடைந்து கடைந்து எடுத்த நுரை அது. விற்பவர் அதை அகலமான தட்டில் மஞ்சள் நிறத்தில் மேகம் மாதிரி குவித்து, மெல்லிய துணி போட்டு மூடியிருந்தார். தொன்னையில் இரண்டு கரண்டி எடுத்து வைத்து, மேலே கொஞ்சம் கோவாவும் சர்க்கரையும் தூவித் தந்தார். வாயில் வைத்ததும் எதுவும் இல்லை. குங்குமப்பூ வாசனை மட்டும் தங்கியது. "என்னடி இது, சாப்பிட்டேனா இல்லையா?" என்று அம்மா இன்னொரு தொன்னை கேட்டாள். அப்பாவுக்கு பருப்பு அடைத்த பேட்மி பூரியும் உருளைக்கிழங்குக் குழம்பும்.

9.30, செங்கோட்டை. திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். ஒன்றரை மணி நேரம் போதும். அரசர் முக்கியமானவர்களைத் தனியே சந்தித்த மண்டபமான திவான்-இ-காஸ் பக்கம் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். முழுக்க நடக்க முடியாதவர்கள் லாகூர் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் குறை இல்லை. சுதந்திர தினத்தன்று பிரதமர் கொடியேற்றுவது அந்த வாசலின் கொத்தளத்தில்தான்.

11.30, இந்தியா கேட். கால் மணி நேரம். 42 மீட்டர் உயரம், 1931-இல் திறந்தது. படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். மதியச் சாப்பாடு பக்கத்திலேயே ஆந்திரா பவன் கேன்டீனில். கூட்டம் நெரியும், ஆனால் சோறு, பருப்புப்பொடி, ரசம் என்று நம் வயிறுக்குத் தெரிந்த சாப்பாடு.

1.30, ஹுமாயூன் கல்லறை. கட்டி முடித்து 450 ஆண்டுகள் தாண்டிவிட்டன. தாஜ்மகாலுக்கு முன்னோடி என்று எல்லோரும் சொல்வதுதான். ஆனால் வழிகாட்டி எங்களை நேராக நடுக் கூடத்துக்குக் கூட்டிப் போய், பேசாமல் நிற்க வைத்தார். ஒரே கல்லில் செதுக்கிய ஜன்னல் வலை வழியாக வெயில் உள்ளே வந்து, தரையில் அறுகோணம் அறுகோணமாகக் கோலம் போட்டிருந்தது. அதற்கு நடுவே வெள்ளைப் பளிங்கில் ஒரு கல்லறை. ஒரு எழுத்து இல்லை, ஒரு பூ இல்லை. பிறகுதான் ஜாபர் பிடிபட்ட கதையைச் சொன்னார். ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு 1862-இல் அங்கேயே இறந்ததைச் சொன்னபோது, "காலையில் பார்த்தோமே, அந்தக் கோட்டை அவருடையதா?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

3.45, குதுப்மினார். மாலை வெயிலில் பார்க்க வேண்டிய இடம், அதனால்தான் மாலைக்கு வைத்தோம். உயரம் 72.5 மீட்டர், உள்ளே 379 படிகள். 1981-இல் உள்ளே நடந்த நெரிசலில் 45 பேர், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், இறந்துபோனார்கள். அதன்பின் யாரையும் ஏற விடுவதில்லை.

கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பக்கத்து மசூதியின் தூண்களைக் கிட்டப் போய்ப் பாருங்கள். 27 கோயில்களின் கற்களால் கட்டியதாக வாசல் கல்வெட்டே சொல்கிறது. ஒரு தூணில் சங்கிலியில் தொங்கும் மணி, நாக்கு வரை தெளிவாக இருந்தது. அம்மா அதன் முன் வெகுநேரம் நின்றாள்.

முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூண் குப்தர் காலத்தது. 7 மீட்டருக்கு மேல் உயரம், 6 டன்னுக்கு மேல் எடை. 1,600 ஆண்டுகளாக மழையில் நின்றும் துருப்பிடித்து அழியவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேலே ஒரு காப்புப் படலம் உருவாகி, அதுவே துருவைத் தடுக்கிறது.

தெற்கு வாசல், அலாவுதீன் கில்ஜி 1311-இல் கட்டிய அலாய் தர்வாசா. "நீங்கள் எந்த ஊர்?" என்று வழிகாட்டி கேட்டார். மதுரைப் பக்கம் என்றேன். "இந்த வாசல் எழுந்த அதே வருடம்தான் இவருடைய தளபதி மாலிக் கபூர் உங்கள் ஊருக்கு வந்தான்" என்றார். அப்பா அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்தார். நீங்களும் உங்கள் ஊரையும் விருப்பத்தையும் வழிகாட்டியிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். அவருக்குத் தெரிந்ததில் உங்களுக்கு எது வேண்டும் என்று அவர் எடுத்துத் தருவார்.

7. கணக்கு முடிப்பது

குதுப்மினாரிலேயே வழிகாட்டிக்குப் பணம் கொடுத்துவிட்டேன், பேசிய தொகைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு சேர்த்து. டிரைவருக்குத் தனியாக. கடைசி இடத்துக்கு வழிகாட்டி தேவையில்லைதான், ஆனால் "நானும் வரலாமா, அந்தக் கோயிலுக்குள் போனதே இல்லை" என்று அவரே கேட்டார்.

ராமகிருஷ்ணபுரத்தில் சிறிய குன்றின் மேல் நிற்கிறது மலை மந்திர், நம் சுவாமிநாத சுவாமி கோயில். டெல்லித் தமிழர்கள் சேர்ந்து கருங்கல்லில் எழுப்பி, 1973-இல் குடமுழுக்கு நடத்தியது. மாலை தீபாராதனை நேரம். சன்னதியில் கையில் திருநீறும் காதில் தமிழும் ஒன்றாக வந்து விழுந்த அந்த நிமிடத்தில் அம்மாவுக்கு முழங்கால் வலி மறந்துபோனது. நாள் முழுக்க கேட்டுக்கொண்டே வந்தவள், தகப்பனுக்கே பிள்ளை பிரணவப் பொருள் சொன்ன கதையை வழிகாட்டிக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்லச் சொல்ல, அவர் சட்டைப் பையில் இருந்து சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டே பக்கத்தில் நடந்தார்.