கச்சான் காலத்தில் தேன்பெட்டிகளைக் காப்பாற்ற

வைகாசி பிற்பகுதியில் கச்சான் என்கிற வறண்ட காற்று வீசத் தொடங்கினால் புரட்டாதி வரை திருகோணமலையில் மழை குறைவு. பகல் வெயில் 35 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்கள் வரும். பெட்டிகள் வெறுமையாகிப் போவதும் இந்த மாதங்களில்தான். "வெக்கை தாங்காமல் ஓடிவிட்டது" என்று சொல்வார்கள். அது பாதி உண்மை. எங்கள் நாட்டுத் தேனீக்கு வெக்கையைச் சமாளிக்கத் தெரியும். ஆனால் பாலையும் வேம்பும் பூத்து முடிந்த பிறகு வருகிற பசியும், குளங்களும் வாய்க்கால்களும் வற்றுகிற தாகமும் வெக்கையோடு சேர்ந்தால் அது பெட்டியை விட்டுப் போய்விடும். அதனால் முதலில் நிழல், அடுத்தது தண்ணீர், பிறகு சாப்பாடு. காற்றோட்டத்தைக் கடைசியாகப் பாருங்கள்.

மத்தியானம் வாசல் பக்கமாகக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மூன்று நான்கு தேனீக்கள் தலையை வெளியே நீட்டி, காலை ஊன்றி, நின்ற இடத்திலேயே சிறகடித்துக்கொண்டிருக்கும். காற்றை உள்ளே தள்ளுகிற வேலை அது. (இத்தாலியத் தேனீ தலையை வாசலை நோக்கி வைத்து உள்ளேயிருக்கிற காற்றை வெளியே இழுக்கும், நம்முடையது அதற்கு நேர்மாறு.) உள்ளே வேறு தேனீக்கள் கொண்டுவந்த தண்ணீரை அடையிலுள்ள சிறு கண்களின் விளிம்பில் மெல்லிய படலமாகப் பூசிவிடும். காற்றுப் பட்டு அது ஆவியாக, புழு (தேனீக் குஞ்சு) இருக்கிற அடைகளின் நடுப்பகுதி 33 முதல் 36 பாகைக்குள் நிற்கும். இந்த வேலைக்குக் கூட்டம் வேண்டும், தண்ணீர் வேண்டும், அடைபடாத ஒரு வாசல் வேண்டும். மழைக்காலத்தில் வாசலைச் சிறுப்பிக்க வைத்த கட்டையை இன்னும் எடுக்கவில்லையென்றால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். வாசலுக்கு முன்னால் வளர்ந்த புல்லையும் வெட்டுங்கள்.

வெக்கை என்றவுடன் மூடியைத் தூக்கிக் கல் வைப்பது, பெட்டியின் பக்கத்தில் ஓட்டை போடுவது பலரும் செய்கிற பிழை. வெளிக்காற்று 36 பாகைக்கு மேலே சூடாகவும் காய்ந்தும் இருக்கும்போது அதை நாலு பக்கத்தாலும் உள்ளே விட்டால், தேனீக்கள் பாடுபட்டுக் குளிராக்கிய காற்று வெளியேறிவிடும், புழுக்களும் காய்ந்துபோகும். எறும்பும் குளவியும் வருவதற்கு வழியும் திறந்துவிடும். கூட்டம் பெலமாக இருந்தால் மட்டும் உள்மூடியின் ஒரு பக்கத்தில் ஒரு தீக்குச்சித் தடிப்புக்கு இடைவெளி விடலாம். அதற்கு மேலே தேவையில்லை.

நிழல்

காலை வெயில் நல்லது, தேனீ நேரத்தோடு வேலைக்குக் கிளம்பும். பத்து மணிக்குப் பிறகுதான் நிழல் வேண்டும். வேம்பு, புளி, நாவல் மரங்களின் கீழ் வைக்கலாம். தென்னையின் கீழ் மட்டும் வேண்டாம், மட்டையோ தேங்காயோ விழுந்தால் பெட்டி பிளந்துபோகும். மரம் இல்லாத காணியில் நாலு கம்பு நட்டு, பெட்டிக்கு மேலே ஒன்றரை இரண்டு அடி உயரத்தில் கிடுகுப் பந்தல் போடுங்கள். அந்த இடைவெளியால் காற்று ஓடவேண்டும். பெட்டியின் மூடி தகரமாக இருந்தால் அதற்கு மேலே கிடுகோ சாக்கோ கட்டாயம் வேண்டும், சும்மா விட்ட தகரம் மத்தியானத்தில் சூட்டை நேரே உள்ளே இறக்கும். வெளிப்பக்கத்துக்கு வெள்ளை நீர்ப்பெயின்ற் அடிக்கலாம். உள்ளே ஒரு துளியும் படக்கூடாது.

கச்சான் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வருவதால் வாசல் கிழக்கே பார்க்கட்டும், பெட்டியின் முதுகில் காற்று அடிக்கட்டும். பெட்டிக் காலின் உயரம் ஒன்றரை அடியாவது இருக்கவேண்டும். நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து வெண்மணலில் உச்சி வெயிலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அந்தச் சூடு கீழிருந்து பெட்டிக்கு ஏறும். பெட்டிக்குக் கீழே காய்ந்த தென்னோலையைப் பரப்பி, பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் ஒரு வாளி தண்ணீர் தெளித்துவிட்டால் வித்தியாசம் தெரியும்.

மூடியின் மேல் ஈரச்சாக்குப் போடுவது காய்ந்த காற்றில்தான் நன்றாக வேலை செய்யும். கந்தளாய், தம்பலகாமம் பக்கம் அதனால் பலன் அதிகம். கடற்கரையோரம் காற்றிலேயே ஈரம் இருப்பதால் பலன் குறைவு, அங்கே நிழலை நம்புங்கள். எங்கே போட்டாலும் சாக்கு வாசலை மறைக்கக்கூடாது. பெட்டிக்குள்ளே தண்ணீர் தெளிக்கவே கூடாது.

தண்ணீர்

வெக்கை தொடங்க முதலே தண்ணீர் வையுங்கள். தேனீ ஒருமுறை பக்கத்து வீட்டுக் கிணற்றடியையோ மாட்டுத் தொட்டியையோ பழகிவிட்டால், பிறகு நீங்கள் வைப்பதைத் தேடி வருவது கடினம். அகலமான மண்சட்டி ஒன்றில் சல்லிக்கல் நிரப்பி, கல்லின் தலை தெரியும் அளவுக்குத் தண்ணீர் விடுங்கள். மேலே தேங்காய்ப் பொச்சுத் துண்டு இரண்டு போட்டால் தேனீ அதில் இறங்கி உறிஞ்சும். கல்லும் பொச்சும் இல்லாத சட்டியில் மூழ்கிச் செத்துக் கிடக்கும். பெட்டியிலிருந்து பத்துப் பதினைந்து அடி தள்ளி, பறக்கிற பாதைக்குக் கீழே வராத இடத்தில், நிழலில் வையுங்கள். ஐந்து பெட்டிக்கு இரண்டு சட்டி போதும், ஆனால் மத்தியானத்தில் ஒருமுறை பார்த்து நிரப்பவேண்டும். ஒரு நாள் வற்றினாலும் வேறு இடம் தேடிப் போய்விடும். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மணலில் ஊற்றிவிட்டு, சட்டியையும் கல்லையும் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பு வளர்க்கிற சட்டியாக அது மாறக்கூடாது.

எறும்புக்காகப் பெட்டிக் கால்களின் கீழ் வைத்த சிரட்டைகளில் தண்ணீர் ஒரே நாளில் வற்றும். இந்தக் காலத்துக்குப் பழைய எஞ்சின் ஒயில்தான் சரி. தேனீ விழாமல் ஒரு தகரத் துண்டால் மறைத்துவிடுங்கள்.

சாப்பாடு, சோதனை

கடைசித் தேனை முழுக்க வழிக்காதீர்கள். பெட்டியின் கீழ்த்தட்டான புழு அறையில் மேலோரமாக உள்ள தேன் கூட்டத்துக்கே உரியது. அதுவும் தீர்ந்து, வெளியே பூவும் இல்லாவிட்டால் சீனிப்பாகு கொடுங்கள்: ஒரு கிலோ சீனிக்கு ஒரு லீற்றர் கொதித்த தண்ணீர், கரைத்து நன்றாக ஆறவிட்டு, ஒரு பெட்டிக்கு 200 மில்லிலீற்றர். பொழுதுபட்ட பிறகு, பெட்டிக்குள்ளே, சிரட்டையில் ஈர்க்குத் துண்டுகள் போட்டு வையுங்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் கொடுங்கள். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதைப் பட்டினி போட்டால், அல்லது வெளியே சிந்தினால், மறுநாள் காலை ஒரு பெட்டித் தேனீ மற்றதில் புகுந்து திருடுகிற கொள்ளைச் சண்டைதான். இந்த வெக்கையில் பாகு சீக்கிரம் புளிக்கும், மிச்சத்தைக் காலையில் எடுத்துவிடுங்கள். தேன் எடுக்கப்போகிற அறை மேலே இருக்கும்போது பாகு கொடுக்கவே கூடாது, அப்படி எடுப்பது தேன் அல்ல.

பெட்டியைப் பத்து நாளைக்கு ஒருமுறை, காலை எட்டரைக்கு முதல், ஐந்து நிமிடத்துக்குள் பார்த்து மூடுங்கள். புகை போடுகிற பொச்சுத் தணலைக் காய்ந்த புல்லில் வைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும். அடை தொங்குகிற மரச்சட்டத்தை நிமிர்த்தியபடியே திருப்பவேண்டும். புது அடை வெள்ளையாக, மெதுவாக, தேன் பாரத்தோடு தொங்கும். வெயிலில் அதைப் படுக்கவைத்துப் பார்த்தால் மேற்கட்டையோடு ஒட்டிய இடத்தில் முதலில் ஒரு சுருக்கம் விழும், அடுத்த கணம் முழு அடையும் உரிந்து கையில் வந்துவிடும். அப்படி விழுந்தால் பதறவேண்டாம். தேன் உள்ள பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புழு உள்ள பகுதியை மேற்கட்டையோடு அணைத்து நனைத்த வாழைநாரால் இரண்டு இடத்தில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். சில நாட்களில் தேனீக்களே மெழுகால் ஒட்டி, நாரையும் கடித்து எறிந்துவிடும். அடிப்பலகையில் வடிந்த தேனை உடனே துடைக்காவிட்டால் எறும்பு வரும்.

பின்னேரத்தில் வாசலைச் சுற்றித் தேனீக்கள் தாடிபோலத் தொங்குவது நோயல்ல. இரவு குளிர்ந்ததும் உள்ளே போய்விடும். விடியற்காலையிலும் தொங்கினால் இடம் போதவில்லை, மேலே ஒரு அறை வையுங்கள். சிறுத்துப்போன கூட்டத்துக்கு இதற்கு எதிர்மாறு: தேனீ மூடியிருக்கிற அடைகளை மட்டும் விட்டு வெற்று அடைகளை எடுத்துவிடுங்கள். காவலில்லாத அடையில் மெழுகுப்புழு புகுந்து வலை கட்டும்.

முட்டை இல்லை, மகரந்தம் சுமந்து வருகிற தேனீ குறைகிறது, சேமித்த தேனும் கரைகிறது என்றால் கூட்டம் புறப்பட ஆயத்தமாகிறது. அன்றைக்கே பாகு கொடுத்து, பெலமான பெட்டியிலிருந்து இளம்புழு நிறைந்த ஒரு சட்டத்தை, ராணி அதில் இல்லை என்று பார்த்து, தேனீக்களை உதறிவிட்டு இதில் வையுங்கள். புழுவை விட்டுப் போக அவற்றுக்கு மனம் வராது. வாசலில் ராணி வெளியேறாதபடி ராணித் தடுப்பை மட்டும் போட்டுவிட்டுச் சாப்பாடு கொடுக்காமல் விடுவது கூட்டத்தை உள்ளே பட்டினி போடுவதாகும்.

ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் சாக்கை எடுத்துவிடுங்கள், நனைந்து கிடந்தால் மூடி உளுத்துப்போகும். வடகீழ் மழைச் சாரல் வாசலில் அடிக்காதபடி பெட்டியைத் தென்கிழக்குப் பக்கம் திருப்பவேண்டிவரும். ஒரே நாளில் திருப்பாதீர்கள், நாளுக்கு ஒரு கையகலம் போதும்.