மாணவர்களுக்கு வீட்டை வாடகைக்கு விடும்போது

சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகமும் அரசு பொறியியல் கல்லூரியும் கருப்பூரில் அமைந்திருப்பதால், அந்தப் பக்கம் வீடு வைத்திருப்போரிடம் நான்கைந்து மாணவர்கள் சேர்ந்து வந்து வாடகைக்குக் கேட்பது வழக்கம். குடும்பத்துக்கு மட்டுமே விடுவோம் என்று அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை. முதல் நாளே எல்லாவற்றையும் எழுத்தில் வைத்துக்கொண்டால் போதும் என்பது, மேல்மாடியை மாணவர்களுக்கு விட்டு வரும் என் அனுபவம்.

முதலில், கையெழுத்திடுபவர் யார் என்று பாருங்கள். 18 வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. முதலாண்டு மாணவர்களில் பலருக்கு 17 வயதே ஆகியிருக்கும். எனவே பெற்றோரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒருவர் நடுவில் காலி செய்தால் அவர் பங்கு வாடகையை யார் தருவது என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள். பெரும்பாலான மனத்தாங்கல் இங்கேதான் தொடங்குகிறது.

2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, 11 மாதத்துக்கே விட்டாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வாடகை பாக்கி என்பதற்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது சட்டப்படி தவறு.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டணத்தில், யூனிட் கூடக்கூட ஒரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது. ஆகவே மாடிக்குத் தனி இணைப்பு இருப்பதே நல்லது. இல்லையென்றால் துணை மீட்டர் பொருத்தி, குடிவரும் நாளின் அளவை இரு தரப்பும் குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் நிலையைப் பதிவு செய்வதில்தான் நான் ஒருமுறை தவறினேன். காலி செய்த பிள்ளைகளிடம், கட்டிலுக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்திருந்ததைக் காட்டி, முன்பணத்தில் பிடித்தம் செய்யப் போவதாகச் சொன்னேன். அவர்களில் ஒருவர், குடிவந்த அன்று எடுத்த படத்தைக் கைப்பேசியில் காட்டினார். அதே இடம், அதே பெயர்ப்பு. முழுத் தொகையையும் அன்றே கொடுத்துவிட்டேன். அதிலிருந்து, சாவியைக் கொடுக்கும் முன் பெற்றோரையும் உடன் வைத்துக்கொண்டு சுவர், குழாய், சுவிட்ச், கதவுத் தாழ்ப்பாள் என்று ஒவ்வொன்றையும் படமெடுத்து, அவர்களுக்கும் அனுப்பிவிடுகிறேன்.

பெண்களுக்குப் படுக்கை கணக்கில் இடமும் சாப்பாடும் தருவதாக இருந்தால், அது வாடகை வீடு அல்ல, விடுதி. 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அதற்கு உரிமம் பெற்ற பிறகே ஆட்களைச் சேர்க்க வேண்டும்.