பழைய வேனில் எஞ்சின் மாற்றியது சரியில்லையா? முதலில் எஞ்சினைத் திறக்காதீர்கள்

எங்கள் வீட்டு வாசலில் நிற்பது ஒரு ஸ்டாண்டர்டு 20 வேன். சென்னையில் தயாரான வண்டி. முன்சீட் இரண்டுக்கும் நடுவில் ஒரு பெட்டி இருக்கும், அதற்குள்தான் எஞ்சின். 1980களின் கடைசியில் கம்பெனி நின்றுபோனது. அதன்பிறகு ஸ்பேருக்கு அலைய முடியாமல், பெட்ரோல் எஞ்சினை இறக்கிவிட்டுக் கைக்குக் கிடைத்த டீசல் எஞ்சினை ஏற்றி ஓட்டியவர்கள் உண்டு. நான் அம்பாசமுத்திரம் பக்கம் வாங்கிய இந்த வேனும் அப்படித்தான். வாழைத்தார் ஏற்றி ஓடிய வண்டி, உள்ளே அம்பாசடர் டீசல் எஞ்சின்.

வாங்கிய நாளிலிருந்து ஆட்டம், சூடு, இழுவைக் குறைவு. மூன்று பட்டறை பார்த்தேன். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இரண்டு முறை கழற்றினார்கள், டீசலைத் தெளிக்கும் நாசிலை சர்வீஸ் செய்தார்கள், டீசல் பம்பையும் திருநெல்வேலிக்கு அனுப்பிச் சரிபார்த்தார்கள். பணம் போனதே தவிர வண்டி மாறவில்லை. கடைசியில் பேட்டையில் லேத் வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி கீழே படுத்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் தம்பி எஞ்சின் மேலயே பழியப் போடுதிய? அது உக்காந்திருக்க எடத்தப் பாத்தியளா?"

அரைகுறையாக எஞ்சின் மாற்றிய வண்டியில் நாம் செய்யும் பெரிய தவறு இதுதான். எஞ்சின் நன்றாகவே இருக்கும். அது வண்டியோடு சேரும் இடங்கள்தான் கெட்டிருக்கும்: எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங், கியர்பாக்ஸ், ஷாஃப்ட், தண்ணீர், எர்த், பிரேக். அங்கெல்லாம் பார்த்து முடிக்காமல் ஹெட்டில் ஸ்பேனர் வைக்கக் கூடாது.

என் வண்டியில் மவுண்டிங் ரப்பரே இல்லை. ஆங்கிள் இரும்பை வெட்டி, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு வெல்டு வைத்து, அதன்மேல் எஞ்சினை நேரே போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். டீசல் எஞ்சினின் அடி முழுக்கச் சட்டத்தில் இறங்கி, வெல்டின் ஓரத்திலிருந்து சேஸிஸில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருந்தது. பலர் அந்த விரிசல் மேலேயே மறுபடி வெல்டு வைப்பார்கள், ஆறு மாதத்தில் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். விரிசலின் நுனியில் சிறு துளை போட்டு நிறுத்தி, வெல்டு வைத்து, மேலே தகடு கொடுத்து, எஞ்சினை அதன் எடைக்கு ஏற்ற ரப்பரில் உட்கார வைக்க வேண்டும். ஏதோ ஒரு வண்டியின் ரப்பர் கிடைத்தது என்று போட்டாலும் சரிவராது. ரப்பர் ரொம்பக் கெட்டியாக இருந்தால் ஆட்டம் அப்படியே உள்ளே வரும். மெத்தென்று இருந்தால் கிளட்சை விடும்போது எஞ்சின் எழும்பி ஃபேன் ரேடியேட்டரில் உரசும்.

அடுத்து எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடம். பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு நடுவில் ஒரு தகடு வெட்டிப் போடுவது வழக்கம். தகட்டில் போல்ட் துளைகள் மட்டும் சரியாக இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். மையத்தை நிறுத்துவது டவல் பின், அதாவது துளைக்குள் ஆடாமல் பொருந்தி நிற்கும் சிறு இரும்பு முளை. அது இல்லாவிட்டால் கியர்பாக்ஸ் முன்ஷாஃப்ட் கிராங்கின் மையத்திலிருந்து மயிரிழை விலகி நிற்கும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேயும், கிளட்சை விடும்போது வண்டி குலுங்கும், முன் பேரிங் கத்தத் தொடங்கும். புது கிளட்ச் பிளேட் போட்டால் நான்கு மாதம் சரியாக இருந்துவிட்டு மறுபடி அதே கதை. எஞ்சின் பின்னால் சுற்றும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில், நுணுக்கமான விலகலை ஊசியால் காட்டும் டயல் கேஜைப் பிடித்து, அதை மூடும் பெல் ஹவுசிங்கின் உள் விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றினால் உண்மை தெரிந்துவிடும். ஊசி மொத்தமாகக் கால் மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் தகட்டைத் திருத்தியே ஆக வேண்டும். இது லேத்காரர் வேலை. மெக்கானிக் கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல.

அடுத்து, கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்ட். என் வண்டியில், நாங்குநேரி தாண்டி நான்குவழிச் சாலையில் வேகம் 55-ஐத் தொட்டதும் தரை முழுக்க அதிரும், 70-க்கு மேல் கொஞ்சம் அடங்கும். ஷாஃப்டின் முனைகளில் வளைந்து சுற்ற விடும் மூட்டான யு.ஜே. கிராஸ் போய்விட்டது என்று இரண்டு தடவை மாற்றினார்கள். கிராஸில் ஒன்றுமே இல்லை. கியர்பாக்ஸ் வாலின் சரிவும் பின் அச்சின் நடுவில் ஷாஃப்ட் சேரும் ஹவுசிங் முகத்தின் சரிவும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஒரு கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை மறு கிராஸ் சரிசெய்யும். எஞ்சினை இடம் பிடிக்க ஏற்றி இறக்கி வைத்ததில் அந்த இணை போய்விட்டது. செல்போனில் உள்ள ரசமட்ட ஆப்பை இரண்டு முகத்திலும் வைத்து அளந்து பார்க்கலாம். கிராஸ் ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து மூன்று டிகிரிக்குள் வேலை செய்தால் நல்லது. பூஜ்யமாகவும் இருக்கக் கூடாது, கிராஸின் பேரிங்கில் உள்ள ஊசி உருளைகள் ஒரே இடத்தில் நின்று குழி விழுந்துவிடும். ஷாஃப்டை வெட்டி நீளம் குறைத்திருந்தால் கிராஸைப் பிடிக்கும் இரண்டு முனை ஃபோர்க்கும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்றும் பாருங்கள். வெல்டு வைத்த ஷாஃப்டை பேலன்ஸ் பார்க்காமல் மாட்டவே கூடாது.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், நம் ஊர் வெயில் அப்படி. பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் சாலையில், சொரிமுத்து அய்யனார் கோவிலுக்குப் போகும்போது, என் வேன் பாதி மலையில் கொதித்து நின்றது. அதற்கு வைத்தியமாக ஒரு பட்டறையில் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்தார்கள். நம் பக்கம் எல்லோரும் செய்வதுதான், தவறும் அதுதான். சுமார் 80 டிகிரி வந்ததும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு அது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நெடுநேரம் ஆகும், குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சின் புகை தள்ளும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். கொதிப்புக்கு வால்வு காரணமா என்று தெரிய அதைக் கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டுப் பார்த்தால் போதும். திறந்தால் வால்வு நல்ல வால்வு, அதை மாட்டிவிட்டு வேறு இடம் தேடுங்கள்.

என் வண்டியில் காரணம் மூன்று. எஞ்சின் ஹெட் ரேடியேட்டர் மூடியைவிட உயரத்தில் இருந்ததால் உள்ளே காற்று அடைத்து நின்றது. மேலே ஒரு சின்ன டேங்க் வைத்து, வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி நிறுத்தித் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் காற்று வெளியேறியது. இரண்டாவது, ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி, ஃபேனைச் சுற்றிக் காற்றை வழிநடத்தும் கூடு எதுவும் கிடையாது. ஃபேன் சுற்றிய காற்றையே சுற்றிக்கொண்டிருந்தது. தகரத்தில் ஒரு கூடு அடித்து மாட்டினோம். மூன்றாவது, போர் தண்ணீர். திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து உப்புத் தண்ணீரை ஊற்றி ஊற்றி ரேடியேட்டர் குழாயெல்லாம் சுண்ணாம்பு பிடித்திருந்தது. கூலண்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள், நூறு இருநூறு ரூபாய் மிச்சம் பார்க்கிற இடம் இதுவல்ல.

கரண்ட் பாட்டரிக்குத் திரும்பும் வழியான எர்த் ஒயரை யாரும் நினைப்பதே இல்லை. எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது, பாட்டரியின் நெகட்டிவ் பாடியில். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் தடித்த பட்டையைப் பழைய எஞ்சினோடு சேர்த்துக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். செல்ஃப் அடிக்கும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும் கரண்ட் திரும்பிப் போக வழி தேடும், கிடைத்த வழி ஆக்சிலேட்டர் கேபிள். என் வண்டியில் ரப்பர் மாற்றிய மறுநாளே இது தெரிந்தது. அதுவரை இரும்போடு இரும்பாக இருந்ததில் எர்த் தானாகக் கிடைத்திருந்தது. செல்ஃப் அடித்ததும் பெட்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. திறந்து பார்த்தால் கேபிள் உறை உருகி, உள்கம்பி அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. நல்லவேளை, வண்டி நின்றிருந்தது. ஓடும்போது ஆக்சிலேட்டர் அமுங்கியபடி ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். செல்ஃப் அடிக்கும்போது பாட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே மல்டிமீட்டர் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பெயின்டைச் சுரண்டி இரும்பு தெரிந்த பிறகே பட்டையை மாட்டுங்கள்.

பிரேக்கில் பெடலை லேசாக்கும் பூஸ்டர் உள்ள வேனாக இருந்தால் இதையும் கட்டாயம் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினில் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சலை, எஞ்சின் காற்றை இழுக்கும் குழாயான இன்டேக் தரும். பெரும்பாலான டீசல் எஞ்சினில் அது கிடையாது, தனியாக வாக்குவம் பம்ப் வேண்டும், பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே வரும். பழைய ஹோஸை டீசலின் இன்டேக்கில் சும்மா சொருகி வைத்திருந்தால் பெடல் கல்லாக இருக்கும். பெடல் கெட்டி என்று ஷூவையும் சிலிண்டரையும் மாற்றிக்கொண்டிருக்காதீர்கள்.

டீசல் லைனில் மிச்ச டீசலைக் கொண்டுபோகும் ரிட்டர்ன் குழாய் டேங்குக்குத் திரும்புகிறதா, எந்தக் குழாயாவது சைலன்சரை ஒட்டிப் போகிறதா என்று ஒரு முறை கையால் தடவிப் பாருங்கள். எஞ்சின் பெட்டியின் மூடியைச் சுற்றி ரப்பர் பட்டையும் வேண்டும். ஓட்டுபவரின் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் எஞ்சின் இருக்கிறது, புகை கசிந்தால் நேரே மூச்சுக்குள் போகும்.

ஆர்.சி. புக் விஷயத்தைக் கடைசிக்கு வைக்காதீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வண்டியில் மாற்றம் செய்வதைக் கட்டுப்படுத்துகிறது. எரிபொருளே மாறிய வண்டி என்றால் புக்கில் அது ஏறியிருக்கிறதா, எஞ்சின் நம்பர் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் செலவு செய்யும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். இன்னொன்று: 2021-இல் வந்த விதிப்படி, முதல் பதிவாகி 50 வருடம் கடந்த வண்டிகளை விண்டேஜ் என்று பதியலாம். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் இருக்கக் கூடாது. அந்த ஆசை உள்ளவர்கள், டீசலைச் சரிசெய்வதில் பணம் போடுமுன் பழைய பெட்ரோல் எஞ்சின் எங்காவது கிடைக்கிறதா என்று தேடுங்கள். விற்றவரிடமே கேட்டுப் பாருங்கள், ஒருவேளை மாட்டுத்தொழுவத்து மூலையில் கிடக்கலாம்.

வேலை முடிந்ததும் மலைக்கு ஓட்டிவிடாதீர்கள். முதலில் காலி வண்டியாக வள்ளியூர் வரை போய்வாருங்கள். ஆடிக்காற்று எதிரே அடிக்கும் நாளாக இருந்தால் இன்னும் நல்லது, எஞ்சினுக்குப் பாரம் தெரியும். திரும்பி வந்து வண்டி ஆறியதும் மவுண்டிங், பெல் ஹவுசிங், ஷாஃப்ட் போல்ட்களை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். புது ரப்பர் அமுங்கும், போல்ட் கொஞ்சம் தளர்ந்திருக்கும். ஐந்நூறு கிலோமீட்டரில் மறுபடி ஒரு தடவை இறுக்கிவிட்டு, ஷாஃப்டின் சரிவையும் அப்போதே அளந்துவிடுங்கள்.