உயில் எழுதும்போது சாட்சிக் கையெழுத்தில் கோட்டை விடாதீர்கள்

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயமில்லை. (இஸ்லாமியர்களுக்கு விதிகள் வேறு, இது அவர்களுக்குப் பொருந்தாது.)

முதலில் எது உங்களுடையது என்று பிரியுங்கள். சுயமாகச் சம்பாதித்ததை யாருக்கும் எழுதலாம். பூர்வீகச் சொத்தில் உங்கள் பங்கை மட்டும்தான். வங்கிக் கணக்கில் நாமினி இருந்தாலும் உயிலில் எழுதுங்கள். நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்பவர், வாரிசு அல்ல.

அடுத்து தபசில், அதாவது சொத்து விவரப் பட்டியல். "மாடி வீடு மூத்தவனுக்கு" என்றால் வழக்குதான். மூலப்பத்திரத்தைப் பார்த்து சர்வே எண், உட்பிரிவு, நான்கெல்லை, அளவு, பத்திர எண், ஆண்டு எல்லாவற்றையும் எழுதுங்கள். இதில் சொல்லாத, இனி வாங்கப்போகும் சொத்து யாருக்கு என்று ஒரு வரி கட்டாயம் வேண்டும்.

இனி கையெழுத்து. பெரும்பாலான உயில்கள் இங்கேதான் சறுக்குகின்றன. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். எழுதியவர் கையெழுத்திடுவதை ஒவ்வொருவரும் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் போட வேண்டும். அப்பா வீட்டில் போட்டதை மகன் எடுத்துப்போய்ப் பக்கத்துத் தெருவில் வாங்கிவரும் கையெழுத்து செல்லாது. சட்டம் தனித்தனியாகப் போட அனுமதித்தாலும், மூவரையும் ஒரே மேசையில் ஒரே பேனாவோடு உட்கார வையுங்கள்.

சாட்சிகள் உயிலைப் படிக்க வேண்டியதில்லை. ஆனால் உங்களைவிட வயதில் சிறியவர்களாக, நாளை தேடினால் கிடைப்பவர்களாக இருக்கட்டும். நீதிமன்றத்தில் அவர்களில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டும். ஒருவர் குடும்ப டாக்டர் என்றால் நல்லது, சுயநினைவு பற்றிய கேள்விக்கும் அவரே பதில். சொத்து பெறுபவரும் அவர் கணவனோ மனைவியோ சாட்சியாக வேண்டவே வேண்டாம். கிறிஸ்தவர்கள் எழுதும் உயிலில் அந்தக் கொடையே போய்விடும். இந்துக்களுக்கு அப்படிச் சட்டம் இல்லை, சந்தேகம் மட்டும் மிஞ்சும்.

"பதிவு செய்தாயிற்றே, சாட்சி எதற்கு?" என்று பலர் கேட்கிறார்கள். பதிவான உயிலையும் சாட்சியை வைத்துத்தான் நிரூபிக்க வேண்டும். சார்பதிவாளர் முன் கையெழுத்திடுபவர்கள் அடையாளச் சாட்சிகள். உயிலின் சாட்சிகளாகத் தானாக ஆகிவிட மாட்டார்கள். இருந்தாலும் பதிவு செய்வதே நல்லது: அசல் தொலைந்தால் சான்றிட்ட நகல் கிடைக்கும்.

பிறகு மனம் மாறினால் அடித்துத் திருத்தாதீர்கள். பழையதை ரத்து செய்வதாக முதல் வரியில் சொல்லிப் புதிதாகவே எழுதுங்கள். அசலை உங்கள் பெயரில் மட்டும் உள்ள பேங்க் லாக்கரில் வைக்காதீர்கள். உங்களுக்குப் பிறகு அதைத் திறப்பதே பெரிய பாடு.