மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்கும் பழைய அந்தோனியார் கோவிலுக்கும் முதல் தரம் போகிறவர்களுக்கு

போன வருடம் மாசியில், யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறைப் பக்கம் கடலோரமாக இருக்கும் மணற்காட்டுச் சவுக்கங்காட்டுக்குள் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வழி பிடிபடாமல் நடந்தேன். எங்கே பிழைத்தது என்பது இரண்டாம் தரம் போனபோதுதான் விளங்கியது. அதற்குப் பிறகு நாலைந்து தரம் போய்வந்துவிட்டேன். மணலில் பாதி புதைந்து நிற்கும் அந்தக் கோவிலை நம் பிள்ளைகள் நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் இதை எழுதுகிறேன்.

முதலில் நேரம். காலை ஆறரைக்கெல்லாம் மணலில் கால் வைத்துவிடுங்கள். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடத் தொடங்கிவிடும், சின்னப் பிள்ளைகளால் தாங்க முடியாது. தை கடைசியிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் போகாதீர்கள்.

பாதை சுலபம். யாழ்ப்பாணத்திலிருந்து 750 பஸ் நெல்லியடி ஊடாகப் பருத்தித்துறைக்குப் போகும். அங்கிருந்து மருதங்கேணி வீதி. வல்லிபுரத்தைத் தாண்டி, குடத்தனைப் பக்கம் இடது கைக்குக் கடலை நோக்கித் திரும்ப வேண்டும். எந்தச் சந்தி என்று பக்கத்துக் கடையில் கேட்டால் சொல்வார்கள். பஸ்ஸில் போகிறவர்கள் திரும்பி வரும் பஸ் நேரத்தையும் அங்கேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வல்லிபுர ஆழ்வார் கோவிலுக்குச் சனம் கூடும், வேறு நாள் பாருங்கள். (வல்லிபுரத்தில் 1936-இல் ஒரு பொன்னேடு கிடைத்தது. ஏறக்குறைய 1,900 வருடங்களுக்கு முன் அனுராதபுரத்தை ஆண்ட வசப மன்னன் காலத்துப் பிராமி எழுத்து, யாழ்ப்பாணக் குடாநாட்டின் பழைய பெயரான நாகதீபமும் அதில் வருகிறது. இந்த மணல் மேடுகளின் ஓரத்தில் அவ்வளவு காலமாக ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டு நடந்தால் நடையே வேறு மாதிரி இருக்கும்.)

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லீற்றர் தண்ணீர், ஒரு சால்வை, பருத்தித்துறைத் தட்டை வடை ஒரு பக்கற். தொப்பியைவிடச் சால்வை நல்லது என்பது என் உறுதியான எண்ணம். தொப்பியைக் காற்று பறித்துவிடும், சால்வையைத் தலையோடு மூக்கையும் சேர்த்துக் கட்டலாம். காலுக்குக் கன்வஸ் சப்பாத்து. செருப்பு ஒவ்வொரு அடிக்கும் மணலை அள்ளும். கமெராவை நல்ல பொலித்தீன் பையில் வையுங்கள், லென்ஸை அங்கே கழற்ற வேண்டாம்.

மோட்டார் சைக்கிளைத் தார் வீதி முடிகிற இடத்திலேயே நிறுத்துங்கள். மணலில் சக்கரம் புதைந்தால் முறுக்க முறுக்க இன்னும் ஆழமாகத்தான் போகும். இறங்கி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, தள்ளி எடுக்க வேண்டும். நிறுத்திய இடத்தைப் போனில் கூகுள் மேப்பில் குறித்துக்கொண்ட பிறகே காட்டுக்குள் இறங்குங்கள்.

இனி நான் பிழைவிட்ட இடம். கடல் சத்தத்தை வலது பக்கம் வைத்துக்கொண்டு நடந்தால் வழி தவறாது என்று நினைத்துப் போனேன். அது பிழை. சவுக்குக்கு அகலமான இலை கிடையாது. ஊசிபோலத் தொங்குபவை மெல்லிய பச்சைக் குச்சிகள், உண்மையான இலைகள் அவற்றின் கணுக்களில் சிறு செதில்களாக ஒட்டியிருக்கும். அந்த ஊசிகளுக்கூடாகக் காற்று போகும்போது எழும் இரைச்சல் அப்படியே கடல்தான். காற்று திசை மாற, நான் கேட்டுக்கொண்டிருந்த ‘கடலும்’ கூடவே மாறியது. மரங்களும் ஒரே உயரம், ஒரே நிறம். என் கால் தடத்தைப் பார்த்துத் திரும்பலாம் என்றால் அதையும் மணல் மூடிவிட்டது.

அதனால் காதை நம்பாதீர்கள், வெயிலை நம்புங்கள். அந்தக் கரை வடகிழக்கைப் பார்த்தது. காலையில் வெயில் முகத்தின் வலது பக்கம் பட்டால் கடலை நோக்கிப் போகிறீர்கள். இடது தோளுக்குப் பின்னால் பட்டால் வீதியை நோக்கி வருகிறீர்கள். சத்தத்தைப் பிரித்தறியவும் ஒரு வழி உண்டு. ஒரு நிமிடம் அசையாமல் நின்று கேளுங்கள். அலை விட்டு விட்டு அறையும், சவுக்கு விடாமல் இரையும்.

கோவிலுக்கு ஊருக்குள் வழி கேட்டே போகலாம், எல்லாருக்கும் தெரியும். ‘பழைய’ என்ற சொல்லைச் சேர்த்துக் கேளுங்கள். முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சேர்த்துக் கட்டிய சுவர்கள் அவை. உட்கார்ந்து கிட்டப் பார்த்தால் கல்லில் பவளப்பூச்சிகளின் சின்னச் சின்னக் கண்ணறைகள் தெரியும். கடலுக்குள் வளர்ந்த கல் கோவிலாகி, இப்போது மணலுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. நான் இதற்காகவே திரும்பத் திரும்பப் போகிறேன். சுவரில் ஏறாதீர்கள், சாயாதீர்கள். உப்புக்காற்றில் சாந்து பொடிந்துபோய் இருக்கிறது, ஒரு கல் அசைந்தால் மேலே உள்ளதும் வரும். பெயர் கிறுக்குகிறவர்களைக் கண்டால் அன்பாகச் சொல்லித் தடுங்கள். சவுக்கங்காட்டுக்குள் நெருப்பு மூட்டவே கூடாது, கீழே உதிர்ந்து கிடக்கும் ஊசிகள் உடனே பற்றிக்கொள்ளும். அந்தக் காடு மணலைப் பிடித்து நிறுத்தத்தான் நிற்கிறது.

பின்னர் சேர்த்தது: மோட்டார் சைக்கிள் ஸ்டாண்ட் மணலில் இறங்கி வண்டி சரிந்துவிட்டதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தார் வீதி ஓரத்திலும் மணல் இருக்கும், சொல்லாமல் விட்டது என் பிழை. ஒரு தட்டைப் பலகைத் துண்டோ தட்டைக் கல்லோ ஸ்டாண்டுக்குக் கீழே வையுங்கள்.

இன்னொருவர் பின்னேரம் போகலாமா என்று கேட்டார். போகலாம், ஆனால் வெயில் கணக்கு மாறும். வெயில் முகத்தின் வலது பக்கம் பட்டால் அப்போது நீங்கள் வீதியை நோக்கி வருகிறீர்கள். மரங்களுக்குக் கீழே சீக்கிரமே இருட்டிவிடும். ஐந்து மணிக்கெல்லாம் திரும்பி நடக்கத் தொடங்குங்கள்.

வயதான அம்மாவைக் கூட்டிப்போகக் கேட்ட தங்கைக்கு: ஓட்டோவில் ஊர் வரை போய், கோவிலை மட்டும் பாருங்கள். மணல் ஏறும்போது கையில் ஒரு தடி இருக்கட்டும். காட்டுக்குள் இன்னொரு நாள் நீங்கள் தனியாக வரலாம்.