ஈவ் ஆன்லைன் ஆடத் தொடங்குபவர்கள் முதலில் பழக வேண்டியது இழப்புக்கு

ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் உருவாக்கி, 2003 மே மாதம் வெளிவந்த ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி விளையாட்டில், சீனா நீங்கலாக உலகெங்கும் உள்ளவர்கள் லண்டனில் இயங்கும் ஒரே சர்வரில் சேர்ந்து ஆடுகிறார்கள். இதில் ஒரு கப்பல் அழிந்தால் அது அழிந்ததுதான். காப்பீடு எடுத்திருந்தால் கப்பலின் விலையில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். அதில் பொருத்திய கருவிகளுக்கும் ஏற்றிய சரக்குக்கும் எதுவும் கிடைக்காது. ஆகவே, இழந்தால் உடனே இன்னொன்று வாங்க முடியாத கப்பலில் ஒருபோதும் புறப்படாதீர்கள். பிற விதிகளைப் பிறகு கற்றுக்கொள்ளலாம். இதை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ள வேண்டும்.

சென்னையிலிருந்து ஆடுவதற்கு விலையுயர்ந்த இணைப்பு தேவையில்லை. சர்வர் ஒரு நொடிக்கு ஒருமுறைதான் கணக்கிடுகிறது என்பதால், லண்டன் வரை தரவு போய்வரும் தாமதம் துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளில் உறுத்துவதுபோல் இங்கே உறுத்தாது. மின்தடைதான் பெரிய இடைஞ்சல். இணைப்பு அறுந்தால் கப்பல் தானாகவே விலகிப்போய் மறைய முயலும். ஆனால் சண்டையின் நடுவே அறுந்தால் அது விண்வெளியிலேயே நின்று அடி வாங்கக்கூடும். கணினியோடு மோடத்தையும் யூபிஎஸ்ஸில் இணைத்துவிடுங்கள். அன்றாடப் பராமரிப்புக்காக நம் நேரப்படி மாலை 4:30 மணிக்குச் சர்வர் சிறிது நேரம் நிறுத்தப்படும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

பணம் கட்டாத ஆல்பா கணக்கே தொடக்கத்துக்குப் போதும். திறன்கள் நிஜ நேரத்தில், நீங்கள் தூங்கும்போதும் அலுவலகத்தில் இருக்கும்போதும் வளர்கின்றன. ஆல்பா கணக்கில் அந்த வளர்ச்சி 50 லட்சம் புள்ளிகள் வரை தொடரும். பயிற்சிப் பாடம் முடிந்ததும், தொழில் வழிகாட்டிகளாக இருக்கும் கேரியர் ஏஜெண்டுகள் தரும் பணிகளை ஒன்றுவிடாமல் முடியுங்கள். பணமும் சில சிறிய கப்பல்களும் கிடைப்பதோடு, சுரங்கம், சண்டை, ஆய்வு, உற்பத்தி ஆகியவற்றில் உங்களுக்கு எது பிடிக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நட்சத்திர மண்டலத்துக்கும் ஒரு பாதுகாப்பு எண் உண்டு. 0.5 முதல் 1.0 வரை உள்ளவை உயர் பாதுகாப்பு மண்டலங்கள். அங்கே காவல் செய்யும் கான்கார்டு படை, உங்களைத் தாக்கியவனைத் தண்டிக்குமே தவிர, தாக்குதலைத் தடுக்காது. எண் குறையக் குறைய அது வந்து சேர எடுக்கும் நேரமும் கூடும். மலிவான கப்பல்கள் சிலவற்றைத் தெரிந்தே பலிகொடுத்து, விலையுயர்ந்த சரக்கை வாரிக்கொண்டு போகிறவர்கள் அந்த இடைவெளியை நம்பித்தான் பிழைக்கிறார்கள். ஆட்டோபைலட்டைப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள்: மண்டலங்களை இணைக்கும் ஒவ்வொரு வாசலுக்கும் அது சில கிலோமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிடுவதால், மீதித் தூரத்தைக் கப்பல் ஊர்ந்து கடக்கும்போது சரக்கைச் சோதித்துப் பார்க்க எல்லோருக்கும் அவகாசம் கிடைத்துவிடுகிறது.

ஒரு வாசலைத் தாண்டி மறுபக்கம் வந்ததும் அவசரப்படாதீர்கள். நீங்கள் எதையும் அழுத்தாதவரை உங்கள் கப்பல் ஒரு நிமிடம் பிறர் கண்ணுக்குத் தெரியாது. அதற்குள் திரையின் வலப்பக்கத்தில் உள்ள ஓவர்வியூ பட்டியலைப் படியுங்கள்: யார் நிற்கிறார்கள், எந்தக் கப்பல், எவ்வளவு தூரம். லோக்கல் அரட்டைப் பட்டியலில் மண்டலத்தில் இருப்பவர்களின் பெயர்கள் தெரியும். வார்ம்ஹோல் எனப்படும் துளைகள் வழியே மட்டும் போகக்கூடிய மண்டலங்கள் போன்ற சில இடங்களில், பேசாதவரை எவர் பெயரும் தெரியாது. பிறகு அடுத்த இலக்கை முடிவு செய்து நகருங்கள். இந்த ஒரு பழக்கம் காப்பாற்றும் அளவுக்கு எந்தக் கருவியும் உங்களைக் காப்பாற்றாது என்று உறுதியாகச் சொல்வேன்.

ஜீடா என்ற வணிக மண்டலத்துக்குள் நுழைந்ததும், பர்மா பஜாரில் பொருள் பார்க்கும்போது இருக்கும் கவனம் வந்துவிட வேண்டும். பணம் அனுப்பினால் இரட்டிப்பாகத் திருப்பித் தருவதாக அரட்டையில் ஓடிக்கொண்டே இருக்கும் செய்திகள் அத்தனையும் ஏமாற்று. விளையாட்டுக்குள் ஏமாற்றுவதை விதிகளும் பெரும்பாலும் அனுமதிக்கின்றன. ஒப்பந்தத்தை ஏற்பதற்கு முன், நீங்கள் பெறப்போவது எது, கொடுக்கப்போவது எது என்ற இரண்டு பகுதிகளையும் வாய்விட்டுப் படியுங்கள். பூஜ்யங்களை விரல்வைத்து எண்ணுங்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, ஃப்ரிகேட் வகைச் சிறு கப்பல்கள் சிலவற்றை ஒரே மாதிரியாகப் பொருத்தி வாங்கி வைத்துக்கொண்டு, குறைந்த பாதுகாப்பு மண்டலங்களுக்கு வேண்டுமென்றே போய்ச் சண்டையிட்டுத் தோற்றுப் பாருங்கள். கப்பல் உடைந்தபின் எஞ்சும், நீங்கள் இருக்கும் சிறு கூடும் அழிந்தால்கூட, நீங்கள் கற்ற திறன்கள் போகாது. உங்கள் பாத்திரத்தின் உடலில் பதித்திருந்த, திறனைக் கூட்டும் இம்ப்ளாண்டுகள் மட்டுமே போகும், ஆகவே விலையுயர்ந்தவற்றைப் பதித்துக்கொண்டு போகாதீர்கள். வீழ்த்தியவரிடமே எங்கே தவறினேன் என்று மரியாதையாகக் கேளுங்கள். பலர் பொறுமையாக விளக்கிச் சொல்வார்கள்.

தனியாக ஆடுபவர்களில் பலர் சலித்து விலகிவிடுவதால், விரைவில் கார்ப்பரேஷன் எனப்படும் ஆட்டக்காரர் குழு ஒன்றில் சேருங்கள். புதியவர்களுக்குக் கற்றுத் தருவதற்கென்றே 2004 முதல் ஈவ் யூனிவர்சிட்டி என்ற குழு இயங்கிவருகிறது. வேறு எதில் சேர்ந்தாலும், அவர்கள் கூடும் நேரத்தை முதலில் கேளுங்கள். லண்டனில் இரவு எட்டு மணி ஆகும்போது இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். மாஸ்கோவிலோ நம் இரவு ஒன்பது மணி என்பது மாலை 6:30 தான். காலையில் வேலைக்கோ கல்லூரிக்கோ போக வேண்டியவர்கள், நாம் விழித்திருக்கும் நேரத்தில் ஆடும் குழுவையே தேர்ந்தெடுங்கள். சேருவதற்குக் கட்டணமாகப் பணமோ, பாதுகாப்பாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம் என்று உங்கள் உடைமைகளையோ கேட்கும் குழுவில் சேராதீர்கள்.